நாளைப் போவார்

பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் மாலை மயிலாப்பூர் மாட வீதிகளில் நிற்க இடம் கிடைக்காது. நாயன்மார்கள் பல்லக்கில் ஊர்வலம் வருகிற அறுபத்துமூவர் என்றால் கடற்கரைக் குப்பங்களிலிருந்தும் சாந்தோம் தெருக்களிலிருந்தும்கூட ஆள் வந்துவிடும். நாங்களும் அப்படி வந்தவர்கள்தான். கத்தோலிக்கக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை சாந்தோம் கோயில், பங்குனியில் கபாலி கோயில் என்று அப்பாவுக்கு இரண்டும் ஒரே கணக்கு. என்னைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு, வருகிற பல்லக்கு ஒவ்வொன்றையும் காட்டிப் பேர் சொல்வார். எல்லாரையும் அவருக்குத் தெரியாது. கண்ணப்பரைத் தெரியும், காரைக்கால் அம்மையாரைத் தெரியும், நந்தனாரைத் தெரியும். நந்தனார் வரும்போது மட்டும் பேச்சை நிறுத்திவிட்டுக் கும்பிடுவார். கும்பிடுவதற்காக என் கால்களைப் பிடித்திருந்த கைகளை எடுத்துவிடுவார். விழுந்துவிடுவேனோ என்று நான் அவர் தலைமுடியைப் பற்றிக்கொள்வேன். நந்தனார் என்றதும் இன்றும் எனக்கு முதலில் வருவது அந்தப் பயம்தான்.

சேக்கிழார் அவரைத் திருநாளைப்போவார் என்கிறார். தில்லைக்குப் போக வேண்டும் என்று மனம் துடிக்கும். தீண்டாதவர் என்று ஒதுக்கப்பட்ட தன் குலத்தை நினைத்துக் கால் தயங்கும். நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்று நாள் கழியும். அந்தத் தயக்கமே பேராகிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இதைக் கீர்த்தனையாகப் பாடியபோது, பெரியபுராணத்தில் இல்லாத ஒரு வேதியரைப் பண்ணையாராகக் கொண்டுவந்து வைத்தார். நந்தனுக்கு விடுப்புக் கொடுக்க மறுக்கிற ஆண்டை அவர். கதாகாலட்சேபம் செய்தவர்கள் அந்தக் காட்சியைப் பாடினால் சபை அழும். மயிலாப்பூர் சபாக்களில் எத்தனை தலைமுறை அப்படி அழுதிருக்கும்! அழுதவர்களில் பலருக்குச் சொந்தமாக நிலம் இருந்தது, அதில் உழ ஆட்களும் இருந்தார்கள். கதையில் வருகிற வேதியர் மேல் கோபப்பட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர்கள் வீட்டுக்குப் போனார்கள்.

என்னை நெடுங்காலமாகத் தொந்தரவு செய்வது அந்தக் கண்ணீர்தான். அது பொய்யில்லை. ஆனால் வெளியே நிற்கிற நந்தனுக்காக அழுதவருக்கு, அவரை வெளியே நிறுத்தியவர்களின் வரிசையில் தானும் இருக்கிறோம் என்று பட்டதா? கதை சொன்னவர் அதைச் சொன்னாரா? தில்லைக்குள் போக நந்தன் நெருப்பில் இறங்கி எழுந்தான் என்று உருகிப் பாடுகிறவர், அந்த நெருப்பை மூட்டிய ஊரைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்பாரா?

இதை மற்றவர்களின் கோயிலைப் பற்றி மட்டும் எழுத எனக்கு உரிமையில்லை. அப்பாவின் ஊர் விழுப்புரம் பக்கம். அங்கே எங்கள் மாதா கோயிலில் நாங்கள் முன்வரிசைக்காரர்கள். யாரும் பலகை எழுதி மாட்டவில்லை. ஆனாலும் ஊர்த் தெருக்காரர்கள் எங்கே உட்காருவார்கள், சேரித் தெருக்காரர்கள் எங்கே உட்காருவார்கள் என்பது நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். நற்கருணை வாங்க முதலில் யார் எழுந்து போவது, சப்பரம் எந்தத் தெருவோடு திரும்பிவிடும், எல்லாம் தெரியும். கோடை விடுமுறைக்குப் போகிற பட்டணத்துப் பிள்ளையான நான், பாட்டியின் பக்கத்தில் முன்னால் உட்கார்ந்து, எல்லாரும் ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்ற பிரசங்கத்தைப் பல முறை கேட்டிருக்கிறேன். நல்ல பிரசங்கங்கள். ஒருவரும் இடம் மாறி உட்கார்ந்ததில்லை.

சாந்தோமில் வளர்ந்தவளுக்கு இதன் வேர் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலியத் துறவி ராபர்ட் தெ நொபிலி, தத்துவ போதகர் என்று தமிழில் அறியப்பட்டவர், 1656-இல் இதே மயிலாப்பூரில்தான் காலமானார். காவி உடுத்தினார், புலால் விட்டார், தமிழும் சம்ஸ்கிருதமும் கற்றுத் தமிழ் உரைநடைக்கே ஒரு வடிவம் தந்தார். அவரை இன்றும் மதிக்கிறேன். ஆனால் மேல்சாதியினர் வர வேண்டும் என்பதற்காக மற்றவர்களிடமிருந்து அவர் விலகி வாழ்ந்தார். சாதி என்பது உலக வழக்கம், ஞானஸ்நானத்துக்கு அது தடையில்லை என்பது அவர் கட்சி. அவருக்குப் பின் உயர்ந்தவர்களுக்கு ஒரு வகைச் சாமியார், மற்றவர்களுக்குப் பண்டாரசாமி என்று ஆனது. முதலில் உள்ளே வரட்டும், பிறகு மாறுவார்கள் என்று எண்ணியிருக்கலாம். உள்ளே வந்தவர்கள் கூடவே சாதியையும் கொண்டுவந்தார்கள்.

1857-இல் தென்னாப்பிரிக்காவின் டச்சு சீர்திருத்தத் திருச்சபையும் இதே சரிவில் கால் வைத்தது. எல்லா நிறத்தவரும் சேர்ந்து வழிபடுவதே வேதத்துக்கு ஏற்றது என்று சொல்லிக்கொண்டே, சிலருடைய பலவீனத்தை முன்னிட்டுத் தனித்தனி வழிபாட்டுக்கு அதன் பேரவை இடம் கொடுத்தது. அந்தச் சலுகை தனித் திருச்சபைகளாக வளர்ந்தது. பிறகு நிறவெறி ஆட்சிக்கு வேத வசனம் தேடிக் கொடுக்கும் வரை போனது. கேட்பவர்கள் மனம் கோணக்கூடாது என்று பீடத்திலிருந்து விட்டுக்கொடுக்கிற ஓர் அங்குலம் எத்தனை தலைமுறைக்கு நீளும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நம் பக்கத்தில் அந்த அங்குலம் சுவராகவே எழுந்தது. புதுச்சேரி சம்பா கோயிலுக்குள் சாதிக் கிறிஸ்தவர்களையும் பறையர்களையும் பிரித்த சுவரைப் பற்றியும், 1745-இல் காரைக்காலிலிருந்து வந்த ஒரு சாமியார் முன்னிலையில் பறையர்கள் முறையிட்டு அது இடிக்கப்பட்டதைப் பற்றியும் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த கோயிலுக்கு இரண்டு நீண்ட மண்டபங்கள். பீடம் ஒன்று, ஒரு சாதி இன்னொரு சாதியைப் பார்க்காமலே பூசை காணலாம். 1910-இல் அங்கேயும் தடுப்பை எடுத்தார்கள். எடுத்தது குற்றம் என்று வழக்குப் போட்டவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்து தோற்றார்கள். 2008 மார்ச்சில், எங்கள் ஊருக்கு அதிக தூரமில்லாத இறையூரில், ஒரே பங்கைச் சேர்ந்த கத்தோலிக்கர்களுக்குள் சாதி மோதல் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை நான் பூசைக்குப் போயிருந்தேன். அன்றைய மறையுரை தவக்காலத்தைப் பற்றியது. ஊர்ப் பேர் வரவில்லை.

மேலே இருப்பவர்கள் பேசவில்லை என்று சொல்லிவிட முடியாது. 2003 நவம்பரில் தமிழக ஆயர்கள் ரோமுக்குப் போனபோது, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சாதிப் பாகுபாட்டை நேருக்கு நேர் கண்டித்தார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித்துகளுக்கான கொள்கை ஆவணம் வெளியிட்டது; தீண்டாமை வெளியே மட்டுமில்லை, திருச்சபைக்குள்ளும் இருக்கிறது என்று அது ஒப்புக்கொண்டது. பெரிய வார்த்தை அது. ஆனால் ஆவணம் டெல்லியிலிருந்து வருகிறது. பூசை வைக்கிற சாமியார் இங்கே, முன்வரிசைக்காரர் வீட்டுச் சாப்பாட்டில் இருக்கிறார். தேர்த்திருவிழாச் செலவுக்கு அவர்களிடம்தான் போக வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 10 கறுப்பு நாள் என்று அனுசரிக்கிறோம். 1950-இல் அந்த நாளில் வந்த குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியில் சேர்க்காமல் விட்டது. சீக்கியருக்கு 1956-இலும் பௌத்தருக்கு 1990-இலும் திறந்த கதவு இவர்களுக்கு இன்னும் மூடியிருக்கிறது. அநியாயம்தான், அதைப் பீடத்திலிருந்து சொல்வது சரிதான். அரசாங்கத்தைப் பார்த்து அதைச் சொல்கிற அதே குரல், கல்லறைத் தோட்டத்துக்கு நடுவில் நாமே எழுப்பிய சுவரைப் பற்றி எத்தனை ஞாயிறு பேசியிருக்கிறது?

வெளியே பார்த்துச் சொல்லும் கண்டனத்துக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் கைதட்டுவார்கள். உள்ளே பார்த்துச் சொன்னால் எழுந்து போய்விடுவார்கள். எல்லா மதத்துப் பீடத்திலும் இருப்பது இந்த ஒரு பயம்தான்.

சாந்தோமிலிருந்து தெற்கே பாலம் தாண்டினால் அடையாறு. 1875-இல் நியூயார்க்கில் தொடங்கிய பிரம்மஞான சபை 1882 இறுதியில் அங்கே வந்து அமர்ந்தது. இனம், மதம், பால், சாதி, நிறம் என்ற வேறுபாடு பாராத மனித சகோதரத்துவம் என்பது அதன் முதல் குறிக்கோள். எழுதி வைப்பது சுலபம். சபையின் தலைவர் கர்னல் ஆல்காட், அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபடையில் இருந்தவர், அந்த வாக்கியத்தைத் தன் வாசலிலேயே சோதித்துப் பார்த்தார். 1894-இல் சபைக்குப் பக்கத்தில் பஞ்சமப் பிள்ளைகளுக்கு ஓர் இலவசப் பள்ளி திறந்தார். அடுத்தடுத்து இன்னும் சில. அவரைச் சுற்றியிருந்தவர்கள் மயிலாப்பூர் வக்கீல்கள், படித்த பிராமணர்கள். அவர்கள் முகம் எப்படி மாறியிருக்கும் என்று ஊகிக்கலாம். 1898-இல் அயோத்திதாசப் பண்டிதர் பௌத்தம் தேடிக் கொழும்புக்குப் போனபோது கூடப் போனவரும் ஆல்காட்தான். அதற்குப் பின்தான் இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் வந்தது.

1907-இல் ஆல்காட் மறைந்தார். அன்னி பெசன்ட் தலைவரானார். இரண்டே ஆண்டில், 1909-இல், சென்னையிலிருந்து வந்த இந்தியன் ரெவ்யூ இதழில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளைத் தூக்கிவிட வேண்டும் என்று தொடங்கி, அவர்களின் உணவும் பழக்கமும் தூய்மையாகும் வரை மற்றப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் உட்காரவைக்கக் கூடாது என்று முடிகிற வாதம் அது. பின்னாளில் அம்பேத்கர் அதை எடுத்துப் போட்டு வாதாடினார். பெண் கல்விக்கும் விடுதலைக்கும் பெசன்ட் செய்தது சிறிதில்லை. அதனால்தான் இது கூடுதலாக வலிக்கிறது. சபைத் தோட்டத்தில் ஒரே ஆலமரம், ஒரே குறிக்கோள் வாசகம். பதினைந்து வருட இடைவெளியில் இரண்டு தலைவர்கள். ஒருவர் சகோதரத்துவத்தைச் சேரிப் பக்கம் கொண்டுபோனார். மற்றவர் அதைக் கேட்பவர்களின் வசதிக்குள் மடித்துக்கொடுத்தார். ஆல்காட் பள்ளி இன்றும் பெசன்ட் நகரில் கட்டணமில்லாமல் நடக்கிறது.

விவேகானந்தரையும் இங்கே நினைக்க வேண்டும். 1897 பிப்ரவரியில் கடற்கரை ஐஸ் ஹவுஸில் தங்கியிருந்த நாட்களில் சென்னை அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. அந்தத் தென்னாட்டுப் பயணத்தில் அவர், தீட்டையும் தொடாமையையும் மதம் என்று வைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று வரவேற்றவர்களையே கடிந்தார். முதல் வரிசையில் இருந்தவர்களைப் பார்த்துப் பேசியவர் அவர். ஆனால் பல ஆண்டுகள் கழித்துக் கோயில் கதவைத் திறந்தது பீடமில்லை, சட்டம். 1947 ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று 1970-இல் தொடங்கிய முயற்சி நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கி, 2021 ஆகஸ்டில்தான் பயிற்சி முடித்தவர்களில் பலர் கையில் நியமன ஆணையாகச் சேர்ந்தது. பீடங்கள் தாமாக முன்வந்து செய்திருந்தால் அந்த ஐம்பது வருடம் மிஞ்சியிருக்கும்.

சட்டத்தின் கை எட்டாத இடங்கள் இருக்கின்றன. மயிலாப்பூரிலும் தி. நகரிலும் அடையாறிலும் வாடகை வீடு தேடிப் பாருங்கள். சைவம் மட்டும் என்ற பலகை எதைக் கேட்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். என் கூட வேலைசெய்த முஸ்லிம் பெண் ஒருத்திக்காக நான் தொலைபேசியில் வீடு கேட்டேன். பேர் சொல்லும் வரை எல்லாம் இனிமையாகவே போயிற்று. "நீங்க தப்பா நினைச்சுக்காதீங்கம்மா, எங்களுக்கு ஒண்ணும் இல்ல, மாடியில இருக்கறவங்கதான்..." ஒன்பது வீடு. ஒன்பது பேரும் கடவுள் பக்தி உள்ளவர்கள். அதில் இரண்டு பேர் என் கோயிலைச் சேர்ந்தவர்கள். வாரம் தவறாமல் பூசைக்கு வருகிறவர்கள். இப்படி வீடு மறுப்பது பாவமன்னிப்பில் சொல்ல வேண்டிய காரியம் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் மணமகள் தேவை விளம்பரம் பார்த்தால் ஆர்.சி. என்றும் சி.எஸ்.ஐ. என்றும் பக்கத்தில் சாதிப் பேரோடு அச்சாகியிருக்கும். அந்தத் திருமணங்களை ஆசீர்வதிப்பதும் நாங்கள்தான்.

இதற்கு நடுவே, டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில் நடக்கிற ஒரு காரியத்தைச் சொல்லாவிட்டால் நான் நேர்மையாக எழுதியதாகாது. அங்கே சூஃபிதார் என்றொரு வழிபாட்டு இடம் இருக்கிறது. தேசப் பிரிவினையின்போது சிந்துவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த தாதா ரத்தன்சந்த் அமைத்தது. அந்தப் பிரிவினையில் பட்டவர்களுக்கு முஸ்லிம்கள் மேல் கசப்பு இருந்தால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். அவரோ, ரமலான் மாதம் முழுவதும் திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில் நோன்பு திறப்பவர்களுக்குத் தன் அடியார்கள் சமைத்துக் கொண்டுபோய்ப் பரிமாற வேண்டும் என்று ஏற்படுத்தினார். சுமார் நாற்பது ஆண்டாக நடக்கிறது. தினமும் ஆயிரம் பேருக்கு மேல். இந்துத் தொண்டர்கள் தலையில் குல்லா அணிந்துகொண்டு தரையில் குனிந்து பரிமாறுகிறார்கள். வெறுக்காதே என்று அவர் எத்தனை முறை பிரசங்கம் செய்தாரோ எனக்குத் தெரியாது. கைகளுக்கு வேலை கொடுத்தார். வெங்காயம் உரித்து, அண்டா தூக்கி, இன்னொருவர் பசியாறுவதை நாற்பது வருடம் பக்கத்திலிருந்து பார்த்த ஒருவரிடம் போய் அவர்களைப் பற்றி வதந்தி சொல்லிப் பாருங்கள்.

யோசிக்க யோசிக்க, சபையை உண்மையில் அசைத்தவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு கட்டத்தில் சொல்வதை நிறுத்திவிட்டுத் தங்கள் உடம்பைக் கொடுத்திருக்கிறார்கள். 1982-இல் மண்டைக்காட்டில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் வெட்டிக்கொண்டபோது, குன்றக்குடி அடிகளார் மடத்திலிருந்து அறிக்கை விடவில்லை. காவியோடு அந்தக் கடற்கரை ஊர்களுக்கே போய் இரு தரப்பு வீட்டு வாசலிலும் நின்றார். மார்ட்டின் லூதர் கிங் 1959-இல் திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்குப் போனார். தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் படித்த பள்ளி. தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் ஒரு தீண்டப்படாதவர் என்று பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தினார். கிங்குக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு, ஆம், நான் அதுதான் என்று அந்தப் பேரைத் தன்மேல் ஏற்றுக்கொண்டார். 1965-இல் அட்லாண்டாவில் தன் கோயில் பீடத்தில் நின்று அதைத் தன் சபைக்குச் சொன்னார்.

வைணவத்தில் திருப்பாணாழ்வார் கதை தெரிந்ததுதான். காவிரிக் கரையில் பாடிக்கொண்டு நின்ற பாணரை விலகிப் போகச் சொல்லிக் கல்லெறிந்தார் லோகசாரங்க முனிவர். நெற்றியில் ரத்தம் வந்தது. உள்ளே அரங்கன் நெற்றியிலும் ரத்தம். அவரைத் தோளில் சுமந்து வா என்று பெருமாள் முனிவருக்கே கட்டளையிட்டான். கல்லெறிந்த அதே ஆள்தான் சுமக்க வேண்டும். கதையில் எனக்குப் பிடித்த இடம் அது. 2018 ஏப்ரலில் ஹைதராபாதில், சில்கூர் பாலாஜி கோயில் அர்ச்சகர் சி. எஸ். ரங்கராஜன், ஒரு தலித் பக்தரைத் தன் தோளில் தூக்கிக்கொண்டு அரங்கநாதர் சந்நிதிக்குள் போனார். காலட்சேபமாகவே கேட்டுக் கேட்டு வந்த கதையை ஒருவர் நடந்து காட்டினார்.

எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். பதினைந்து வருடம் இருக்கும். கிறிஸ்தவச் சாவுக்குப் பிணம் எடுத்துப்போகிற கட்டிலைத் தூம்பா என்போம். போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல். ஊர்த் தெருவுக்கு ஒரு தூம்பா, அது கோயில் அறையில் பூட்டியிருக்கும். சேரித் தெருவுக்குத் தனியாக ஒன்று, கால் ஆடுகிற பழசு. அவர்கள் பிணம் தேரடித் தெரு வழியாக வராது, வயல் வரப்போடு சுற்றித்தான் போகும். அப்போது இளவயதுப் பங்குச்சாமி ஒருவர் வந்திருந்தார். பெரிய பிரசங்கி இல்லை, கொஞ்சம் திக்கிப் பேசுவார். சேரித் தெருவில் ஒரு கிழவி செத்துப்போனாள். இருபது வருடத்துக்கு மேல் கோயில் கூட்டினவள். சாமியார் அறையைத் திறந்து நல்ல தூம்பாவைத் தானே இழுத்து வெளியே வைத்தார். தூக்க வந்தவர்கள் பயந்து பின்வாங்கினார்கள். இரண்டு பையன்கள் மட்டும் நின்றார்கள். அவர் அங்கியோடு முன்பக்கம் தோள் கொடுத்தார். கிழவியின் மகன் நாலாவது ஆள். தேரடித் தெருவுக்குள் திரும்பினார்கள். வீடுகள் கதவைச் சாத்தின.

அப்போது அப்பா ஊரில் இருந்தார். எழுபது வயது. திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டி, இறங்கிப் போய் ஒரு பையனை நகரச் சொல்லிவிட்டுத் தோளை வைத்தார்.

எனக்கு இதை அவர் சொல்லவில்லை. சித்தப்பா போனில் கொதித்தார். "உங்கப்பா பண்ணின காரியத்தைக் கேட்டியா? நாளைக்கு எங்க வீட்டுல பொண்ணு எடுக்க எவன் வருவான்?" நாலைந்து குடும்பம் சில மாதம் பூசைக்கு வரவில்லை. பிறகு வந்தார்கள். அந்தச் சாமியார் அடுத்த மே மாதம் மாற்றலாகிப் போனார். அதற்கப்புறம் சேரித் தெருவில் விழுந்த சாவுக்கு அறைச் சாவியைக் கேட்டு வந்தபோது யாரும் மறுக்கவில்லை என்று கேள்வி. முன்வரிசை இன்னும் முன்வரிசையாகத்தான் இருக்கிறது.

ஒரு வாரம் கழித்துச் சென்னைக்கு வந்த அப்பாவின் வலது தோள் கன்றிப்போயிருந்தது. தைலம் தேய்த்துவிட்டேன். என்னப்பா என்று கேட்டதற்கு, பஸ்ஸில் சாய்ந்து தூங்கியது என்றார்.

கடைசியாக அவரை அறுபத்துமூவருக்குக் கூட்டிக்கொண்டு போனபோது கண் மங்கியிருந்தது. கூட்டத்தில் நிற்க முடியாது என்று வடக்கு மாட வீதியில் தெரிந்தவர் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். நீர்மோர் கொடுத்தார்கள். பல்லக்குகள் வரத் தொடங்கின. பேர் சொல்வது இப்போது என் முறை. எனக்கும் எல்லாரையும் தெரியாது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்:

"நந்தனார் போயிட்டாராம்மா?"

"இன்னும் வரலப்பா."